சும்மா, இங்கதான்

திண்டிவனத்திலிருந்து தாம்பரம் வரைக்கும் நெடுஞ்சாலையில் போகிற ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பெண் குரல் கேள்வி கேட்கிறதே, அது என்னுடைய குரல். மளிகைக் கடையில் "துவரம்பருப்பு அரைக் கிலோ" என்று நான் வாய் திறந்தால் போதும், பக்கத்தில் நிற்பவரின் கை தானாக சீட் பெல்ட்டைத் தேடுகிறது. என் பெயர் பவித்ரா. மதுராந்தகத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் நான் ரோட்டக்கா.

தென்வழிச் சாலை ஆணையத்தில் தமிழ்ப் பிரிவு என்று ஒன்று உண்டு. ஒரு மேசை, ஒரு நாற்காலி, நாற்காலியில் நான். அறிவிப்புப் பலகைகளுக்கு வாசகம் எழுதித் தருவது என் வேலை. 'மேம்பாலப் பணி நடைபெறுகிறது, மாற்றுப் பாதையில் செல்லவும்' என்ற ஒரே வாசகத்தை வைத்துக்கொண்டு பல வருஷம் சம்பளம் வாங்கியிருக்கிறேன். என்ன செய்வது, பணியும் முடியவில்லை, பாதையும் மாறவில்லை. எங்கள் கல்யாணத்தன்று முதல் பாலத்துக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். முகூர்த்த நேரத்துக்கு மாப்பிள்ளை வந்து சேராததற்கு அந்தத் தூண்தான் காரணம் என்று அவர் இன்றைக்கும் சாதிக்கிறார். அந்தப் பாலம் முடிந்து, அதன் தலைமேல் இன்னொன்று கட்டி, அதற்கும் மேலே ஒன்று கட்டினார்கள். முன்பு தரையில் மட்டும் நின்ற வண்டிகள் இப்போது மூன்று மாடியிலும் நின்றன.

நாலாவது மாடி கட்டினால் விமானம் இடிக்கும் என்று ஆன பிறகுதான் சுதன் சார் வந்தார். முழுப்பெயர் ஹரிகரசுதன். சின்ன வயசு, பெரிய படிப்பு. கோபமே வராது, அதனாலேயே அவரோடு சண்டை போடுவது கஷ்டம். முதல் கூட்டத்திலேயே விஷயத்தை உடைத்துவிட்டார்.

"ரோடு போதாம இல்ல மேடம். யார் எங்க போறாங்கன்னு ரோட்டுக்குத் தெரியல, அதான் பிரச்சினை. ஒவ்வொருத்தரையும் வீட்டு வாசல்லயே கேட்டுட்டா, யாரை முன்னாடி விடணும், யாரைக் கொஞ்சம் பிடிச்சு வைக்கணும்னு ரோடே முடிவு பண்ணிக்கும். நெடுஞ்சாலையில ஏறினதும் ஸ்டியரிங் மடங்கிக்கும். வண்டி ரோட்டோட கைக்கு வந்துடும். யாரும் முந்த முடியாது, சந்துல நுழைய முடியாது."

"ஒருத்தருக்கு நிஜமாவே அவசரம்னா?" என்று கேட்டேன்.

"அவசரம்னு சொல்லட்டும். மத்த வண்டியெல்லாம் விலகி வழி விட்டுடும். அதுக்குத்தானே கேக்கறோம்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு வண்டியிலும் ஆணையம் ஒரு பெட்டி பொருத்தும், அதிலிருந்து கேட்கிற குரல் அதட்டலாக இருக்கக் கூடாது, பக்கத்து வீட்டு அக்கா விசாரிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஆணையத்தில் அக்கா வயதில் இருந்தது நான். கண்ணாடி அறையில் உட்கார வைத்து ஆயிரக்கணக்கான வாக்கியங்கள் பேச வைத்தார்கள். அதில் முதல் வாக்கியம், வண்டியை ஸ்டார்ட் செய்தவுடன் எல்லோருடைய காதிலும் விழப்போகிற வாக்கியம், இதுதான்: "எங்கே போறீங்க?"

படிக்கிற உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எங்களுக்குப் புரியவில்லை.

சோதனை ஓட்டத்தன்று காலையில் செங்கல்பட்டு கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் திரைகளைப் பார்த்தபடி நின்றோம். நெடுஞ்சாலை மூன்று மாடியும் காலி. ஒரு வண்டி இல்லை. சுதன் சார் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் தெருக்களின் படம் வந்தது. ஊர்த் தெருக்கள் அத்தனையிலும் வண்டிகள் பாதி வெளியே, பாதி உள்ளே என்று நின்றன. கிளம்புவதும் அணைவதுமாக இருந்தன. அப்போது என் வீட்டுக்காரர் போன் செய்தார்.

"பவி, எதிர் வீட்டு நமச்சிவாயம் காலையிலேர்ந்து ஆபீஸ் கிளம்பிக்கிட்டே இருக்காரு. வண்டியை எடுக்கறாரு, நீ எங்க போறீங்கன்னு கேக்கற, மனுஷன் இறங்கி உள்ள போயி உக்காந்து ஒரு சொம்புத் தண்ணி குடிச்சுட்டு மறுபடி வர்றாரு. நீ மறுபடி கேக்கற. வயிறு முட்டிப் போச்சு அவருக்கு. கொஞ்சம் கேக்காம இரேன்."

கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. கேட்டுவிட்டால் திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். இது அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். பொறியாளர்களுக்கு, உளவியல் ஆலோசகருக்கு, எனக்கு, எல்லோருக்கும். நான் சுதன் சாரைத் தனியாகப் பிடித்தேன்.

"உங்க வீட்டுல எப்படி சார்?"

"எங்கம்மா கேக்கவே விடமாட்டாங்க மேடம். ஒருதடவை எங்க அத்தை கேட்டுட்டாங்கன்னு ஃபிளைட்டையே விட்டுட்டோம்."

"அப்போ ஏன் சார் கூட்டத்துல சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

நியாயமான கேள்வி. வீட்டில் இருக்கிறவரைக்கும் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. கூட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் யாருக்கும் கிடையாது. இத்தனைக்கும் நான் அன்றைக்குக் காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது பால்காரர் எங்கே என்று கேட்டதற்காக ஒரு நிமிஷம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டு வந்தவள்.

கேள்வியை மாற்றியாக வேண்டும். கேட்கவும் வேண்டும், கேட்ட மாதிரியும் இருக்கக் கூடாது. இதற்கு நம் ஆட்கள் எப்போதோ வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். மறுபடி கண்ணாடி அறைக்குப் போனேன். ஒரே ஒரு சொல்லைப் பேசிவிட்டு வந்தேன்.

"தூரமா?"

தண்ணீர் குடிக்கிற தொல்லை அன்றோடு போயிற்று. ஆனால் இந்தக் கேள்விக்கு நம் ஊரில் ஒரே ஒரு பதில்தான் உண்டு. வேலூருக்குப் பெண் பார்க்கப் போகிறவரும் சரி, வேலை கேட்டுப் போகிறவரும் சரி, குழந்தை வரம் கேட்டுக் கோயிலுக்குப் போகிறவரும் சரி, "இல்ல, சும்மா, இங்கதான்" என்றார்கள். காரியம் முடிகிறவரைக்கும் யாராவது வாய் விடுவார்களா? கண்ணு பட்டுப் போகாதா? மொத்த மாவட்டமும் சும்மா இங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

கொஞ்ச நாள் ஒரே குழப்பம். ஆணையத்தை மூடிவிடுவார்கள் என்றே பேச்சு அடிபட்டது. அப்புறம் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. மூன்று மாடியிலும் வண்டிகள் வழுக்கிக்கொண்டு ஓடின. எப்படி என்று சுதன் சாரைக் கேட்டேன்.

"அதுவா கத்துக்கிச்சு மேடம்," என்றார் பெருமையாக, பிள்ளை முதல் மார்க் வாங்கியதுபோல. எதைக் கற்றுக்கொண்டது என்று நான் கேட்கவில்லை. நான் ஆபீசுக்குப் போவது ரயிலில். அந்த ரோட்டில் தினம் போகிற அளவுக்கு எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை.

இனி என் வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். தணிகைவேல், கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் வாலிபால் போட்டிக்கு நடுவர். ஒரு கண்ணில் முன்பே பார்வை போய்விட்டது. இன்னொரு கண்ணில் கருவிழி கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே வந்து, உலகம் அவருக்கு ஆவி படிந்த கண்ணாடி வழியாகத்தான் தெரிந்தது. மாற்றுக் கருவிழிக்காகப் பெயர் பதிந்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தோம். மனுஷன் ஒருநாள் அதைப்பற்றி வருத்தப்பட்டதில்லை. "பந்து கோட்டுக்கு உள்ளயா வெளியயான்னு எங்கிட்ட கேக்காதீங்கடா, பந்து இருக்கான்னு கேளுங்க" என்று பையன்களிடம் சிரிப்பார். எனக்குத்தான் அழுகை வரும். இவருக்கு எதுவும் உறைக்கவே உறைக்காதா என்று கோபமும் வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சென்னையிலிருந்து ஆஸ்பத்திரிக்காரர்கள் போன் செய்தார்கள்.

"கண்ணு வந்திருக்கு மேடம். சார் நாலு மணிக்குள்ள இங்க இருக்கணும். தியேட்டர் அதுக்கு மேல கிடைக்காது. வரலைன்னா பட்டியல்ல அடுத்து இருக்கறவங்களைக் கூப்பிட்டுடுவோம். தப்பா நினைச்சுக்காதீங்க."

சென்னைக்கு அடுத்த ரயில் சாயங்காலம்தான். ஆம்புலன்ஸ் கேட்கலாமா என்று யோசித்தேன். பாட்டு முணுமுணுத்துக்கொண்டு தானே பெட்டியைத் தூக்கிவரும் ஆளுக்கு எந்த ஆம்புலன்ஸ் வரும்? காரை எடுத்தேன். அவர் யாரிடமும் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டார். எதிர் வீட்டு நமச்சிவாயம் வாசலில் நின்று எங்கள் பெட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மரியாதைக்கு ஒன்றும் கேட்காமல் வானத்தைப் பார்த்தார். நல்ல மனுஷன்.

வண்டி உயிர் பெற்றது. என் குரலே என்னை விசாரித்தது.

"தூரமா?"

இவர் வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி அடக்கினேன்.

"சும்மா இங்கதான்னு மட்டும் சொல்லிடாதீங்க. அவசரம்னா அவசரம்னு சொல்லணும், அதுக்குத்தான் வெச்சிருக்கு. நான் வெச்ச கேள்விக்கு நம்ம வீட்டுலயே பொய் சொன்னா நல்லாவா இருக்கும்?"

"உன் ரோடு, நீயே பேசிக்கோ," என்று சீட்டில் சாய்ந்துகொண்டார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். "சென்னைக்கு. கண் ஆஸ்பத்திரிக்கு. என் கணவருக்கு இன்னிக்கு அறுவை சிகிச்சை. நாலு மணிக்குள் போகணும்."

"சரி, நிதானமா போங்க," என்றது என் குரல்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் ஸ்டியரிங் மடங்கியது. வண்டி இடதுபுற ஓரத் தடத்துக்குப் போய் சிமெண்ட் கலவை லாரி ஒன்றின் பின்னால் ஒட்டிக்கொண்டது. சரி, கொஞ்ச தூரத்தில் உள்ளே விடும் என்று நினைத்தேன். சிங்கப்பெருமாள்கோயில் வந்தது. லாரி நின்றது, நாங்களும் நின்றோம். எங்கள் வலதுபக்கம் வண்டிகள் பறந்துகொண்டிருந்தன. வேட்டி கட்டின மாப்பிள்ளைப் பையன்கள், ஜாதகக் கட்டை மடியில் வைத்திருந்த ஒரு குடும்பம், ஒரு வண்டியில் தேங்காய் பழத் தட்டோடு பத்துப் பேர். எல்லோரும் போகிறார்கள். கண் ஆபரேஷனுக்குப் போகிற ஆள் லாரியின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். அதுவும் அவருக்குச் சரியாகத் தெரியாது, நான்தான் வாசித்துச் சொன்னேன்.

"நம்ம சொன்னது அதுக்குக் காதுல விழலியோ?" என்றார்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. சுதன் சாருக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சார், இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம். நீங்க... நிஜத்தையா சொன்னீங்க?"

"பின்ன?"

"ஐயோ மேடம்." பெருமூச்சு விட்டார். "ஆரம்பத்துல பெரிய காரணம் சொன்னவங்களைத்தான் முன்னாடி விட்டோம். ஆஸ்பத்திரி, சாவு, பிரசவம். ஒரே வாரத்துல மகாபலிபுரம் போறவன் எல்லாம் தாத்தா செத்துட்டாருன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டான். ஒருத்தனுக்கு எத்தனை தாத்தா மேடம்? எங்க போய் இறங்கறாங்கன்னு ரோடு பாக்குமே, அதுக்குப் புரிஞ்சுபோச்சு. தெளிவா, சத்தமா பெரிய காரணம் சொல்றவங்க பொய் சொல்றாங்க. சும்மா இங்கதான்னு சொல்றவங்கதான் நிஜமா ஏதோ முக்கியமான காரியத்துக்குப் போறாங்க."

"அதனால?"

"அதனால சும்மான்னு சொன்னா முன்னாடி விட்டுடும். காரணம் சொன்னா ஓரங்கட்டிடும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வெளியே எறிந்திருப்பேன். "அப்போ நிஜமா ஆஸ்பத்திரிக்குப் போறவன் என்ன சார் பண்ணுவான்?"

"அவங்களும் சும்மான்னுதான் சொல்லுவாங்க மேடம். நம்ம ஊர்ல யாரு ஆபரேஷனை வாய்விட்டுச் சொல்லிட்டுக் கிளம்புறாங்க? உங்களை மாதிரி ரெண்டொருத்தர்தான்."

"கைல மாத்தி விடுங்க. என் வண்டியை உள்ள எடுங்க."

"யாரோட வண்டியையும் கைல தொட முடியாதபடிதான் கட்டியிருக்கோம். மந்திரி வண்டிக்கே கிடையாது. பெருமையா நீங்கதானே அறிக்கை எழுதுனீங்க." அது உண்மைதான். நல்ல அறிக்கை. "ஒண்ணு பண்ணுங்க. இறங்கணும்னு கேட்டா மட்டும் ரோடு விட்டுடும். அடுத்த இறக்கத்துல இறங்கி வண்டியை அணைச்சுப் போடுங்க. திரும்பக் கேக்கும். சும்மா இங்கதான்னு சொல்லிடுங்க."

மறைமலை நகர் இறக்கத்தில் இறங்குவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தி, அணைத்து, மறுபடி எடுத்தேன்.

"தூரமா?"

"இல்லை. சும்மா. இங்கேதான்," என்றேன், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக.

"சரி, நிதானமா போங்க."

ஓரங்கட்டினபோது சொன்ன அதே பதில். மறுபடி போன். சுதன் சார் தலையில் அடித்துக்கொள்வது எனக்கே கேட்டது. "அறிவிப்பு மாதிரி சொல்லாதீங்க மேடம். அது வார்த்தையை மட்டும் பாக்கறதில்ல. நிஜமாவே வேலையத்துச் சும்மா போறவங்க சொல்ற தினுசு வேற. உள்ளுக்குள்ள எதையோ வெச்சுக்கிட்டுச் சொல்றவங்க தினுசு வேற. குரல்ல ஒரு சின்ன நடுக்கம் இருக்கும், நமக்கே தெரியாது. அதுக்குத் தெரியும். உங்க குரல் ஸ்டுடியோவுல பழகின குரல். உங்களுக்கு எவ்வளவு பதட்டம் இருந்தாலும் வெளிய வராது. பேசாம சாரைச் சொல்லச் சொல்லுங்க."

நான் திரும்பி இவரைப் பார்த்தேன். எனக்கு நம்பிக்கையே இல்லை. நான் மணியைப் பார்த்துப் பார்த்துச் சாகிறேன், இவரோ டீக்கடையில் வடை வாசனை நன்றாக இருக்கிறது என்கிறார். இவர் குரலில் என்ன நடுங்கப்போகிறது?

"ஏங்க, நீங்க சொல்லிப் பாருங்க."

"இதை முதல்லயே நான்தானே சொல்ல வந்தேன்."

"சரி, தப்புதான். சொல்லுங்க."

வண்டியை அணைத்து எடுத்தேன். என் குரல் கேட்டது. "தூரமா?"

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இல்லம்மா," என்றார். அப்புறம் கொஞ்சம் பொறுத்து, "சும்மா. இங்கதான்."

அவ்வளவுதான். கேள்வி கேட்ட பெட்டிக்கு முந்தி எனக்கே கேட்டுவிட்டது. இத்தனை வருஷம் கூடவே இருந்து, ஒரே தட்டில் சாப்பிட்டு, நான் ஒருநாளும் கேட்காத குரல். கிணற்றுக்கு அடியிலிருந்து வந்த மாதிரி இருந்தது.

"சரி, போயிட்டு வாங்க," என்றது வண்டி. மேலே ஏறியவுடன் லாரிகள் ஒதுங்கின. நடுத்தடம் திறந்துகொண்டது. நாங்களும் பறந்தோம்.

மறைமலை நகர் பின்னால் போயிற்று. அப்புறம் கேட்டேன். "பயமா இருக்கா?"

"சேச்சே."

"எனக்குக் கேட்டுச்சுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து என்ன ஆகப்போகிறது, பழக்கம். "இப்ப மங்கலாவாவது தெரியுது பவி. உன் புடவை என்ன கலர்னு தெரியுது. கை வெச்சு ஏதாச்சும் தப்பாப் போச்சுன்னா அதுவும் போயிடும்ல. பேரு பதிஞ்ச அன்னிலேர்ந்து அதே நினைப்புதான். உங்கிட்ட சொன்னா நீ அழுவ."

நான் அழுதேன். அழாமல் இருப்பேன் என்று நினைத்தாரா? இவ்வளவு பயத்தை மனுஷன் பந்து, கோடு என்று சொல்லிச் சிரித்தே மறைத்திருக்கிறார். ஆணையத்தின் பெட்டி ஒரே நொடியில் கண்டுபிடித்ததை, கட்டின பெண்டாட்டி இத்தனை நாளாகக் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பெட்டியின்மேல் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்களுக்கு முன்னாலேயே ஒரு அம்மாவும் பெண்ணும் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் வராவிட்டால் என்று அவர்களைக் கூப்பிட்டு வைத்திருந்தார்களாம். எங்களைப் பார்த்ததும் அந்த அம்மா எழுந்து பையை எடுத்துக்கொண்டார். "அடுத்த தடவை பாத்துக்கலாம்," என்று பெண்ணிடம் சொல்லிக்கொண்டு போனார். எங்கள்மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போதெல்லாம் அதிக நாள் கட்டுப் போட்டு வைப்பதில்லை. அந்த வாரத்திலேயே சுதன் சார் சாத்துக்குடிப் பையோடு பார்க்க வந்தார். இவர் தூங்கிக்கொண்டிருந்ததால் கேண்டீனுக்கு அழைத்துப் போய் காபி வாங்கிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுப் பிடித்துக்கொண்டேன்.

"அதைச் சரி பண்ணுங்க சார். நிஜம் சொல்றவங்களை ஓரங்கட்டுறது என்ன நியாயம்?"

"சரி பண்ணலாம் மேடம். நாளைக்கே நிஜம் சொல்றவங்களை முன்னாடி விடச் சொல்லலாம். நாளன்னிக்கு என்ன ஆகும்? மறுபடி எல்லாத் தாத்தாவும் சாவாரு. ரோடு அடைச்சுக்கும். அந்த அடைசல்ல நீங்க சும்மான்னு சொன்னாலும் போக முடியாது, நிஜம்னு சொன்னாலும் போக முடியாது."

"அப்போ ஜனங்களுக்கு விஷயத்தைச் சொல்லிடுவோம். அவசரம்னா சும்மா இங்கதான்னு சொல்லுங்கன்னு நானே அறிவிச்சுடறேன்."

"சொன்னா எல்லாரும் நடுங்கி நடுங்கிச் சும்மான்னு நடிப்பாங்க. நம்ம ஆளுங்களுக்கு நடிப்பு சொல்லித்தரணுமா?"

"என் குரலையாவது எடுத்துடுங்க."

"அது ஆணையத்தோட குரல் மேடம். நீங்க ரிட்டயர் ஆனாலும் அது ஆகாது." காபியை ஆற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு பேருக்கு ரோடு நல்லா ஓடுது. மிச்சம் ரெண்டு பேர். வெகுளியா உள்ளதைச் சொல்றவங்க. அவங்களுக்காக மொத்தத்தையும் கெடுக்க முடியுமா?"

"அந்த ரெண்டு பேர்ல நான் ஒருத்தி சார்."

"இனிமே இல்லையே மேடம்," என்றார். கிண்டல் இல்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். "அன்னிக்கு சார் சொன்னதுலேர்ந்து உங்க வண்டியை அது நம்ப ஆரம்பிச்சுடுச்சு. நான் பாத்தேன். இனி உங்களை எங்கயும் நிறுத்தாது."

காபித் தம்ளரைத் தள்ளி வைத்தேன். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நல்ல செய்தி சொல்கிறவரிடம் என்ன சண்டை போடுவது?

கட்டுப் பிரித்து, டாக்டர் கையைக் குலுக்கி அனுப்பி வைத்த அன்று மத்தியானம் ஊருக்குத் திரும்பினோம். இவருக்கு வாய் மூடவில்லை. பெயர்ப் பலகை ஒன்று விடாமல் படித்துக்கொண்டு வந்தார். பேருந்தில் போகிறவர் மூக்குத்தியைப் பற்றிச் சொன்னார். தூண்களில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளில் இருந்த பெயர்களைக்கூட சந்தோஷமாகப் படித்தார். வண்டி எங்களை ஒன்றும் கேட்கவில்லை. ஏறியதும் நடுத்தடத்தைத் திறந்துவிட்டது.

பெருங்களத்தூர் தாண்டியதும் இவர் ஓரத் தடத்தைப் பார்த்தார். அங்கே வரிசையாக வண்டிகள் நின்றிருந்தன.

"பவி, அந்த நீல வண்டியைப் பாரு. பின் சீட்டுல ஒரு அம்மா மூச்சு வாங்கிட்டுப் படுத்திருக்கு. முன்னாடி இருக்கறவன் பெட்டிகிட்ட குனிஞ்சு என்னமோ கெஞ்சிட்டு இருக்கான். கையைக் கூடக் கும்பிடறான் பாரேன். என்னவா இருக்கும்?"

நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவன் என்ன சொல்லிக்கொண்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். என் குரல் அவனுக்கு என்ன பதில் சொல்லியிருக்கும் என்பதும் தெரியும். வண்டியை நிறுத்தவோ அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவோ எனக்கு ஸ்டியரிங் இல்லை.

"தெரியலீங்க," என்றேன். "ஏதோ பேசிட்டு இருப்பாங்க."

இவர் பேச்சை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். வெகுகாலத்துக்குப் பிறகு அவருக்கு என் முகம் தெளிவாகத் தெரிந்தது.